நானூற்றுப் பன்னிரண்டு கால்கள்

திங்கட்கிழமை காலையில் பட்டறைக் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. புது ஸ்கேன் ஒன்றைச் சேமிக்கப் போனால் இடமில்லை என்கிறது. செயற்கைக் கால் செய்கிற பட்டறை அது. ஒன்பது வருஷத்தில் அங்கே வந்துபோன நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய, வெட்டியது போக மிஞ்சிய மீதிக் கால்களின் ஸ்கேன்களும், அவர்கள் புதுக் காலோடு நடந்து பார்த்த வீடியோக்களும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருந்தன. வேறெங்கும் நகல் கிடையாது. இத்தனை நாள் அது உயிரோடு இருந்ததே பெரிய புண்ணியம்.

அளவெடுப்பது டேப்பக்காவின் வேலை. ஸ்கேனர் வந்த பிறகும் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை அவள் கழற்றவில்லை. ஸ்கேனர் சொன்னதை நாடாவும் ஒப்புக்கொண்டால்தான் அவள் ஒப்புக்கொள்வாள். அதனால் வந்த பெயர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவள் போடுவதற்கு முன்னால் ஆற்றையும் ஒரு தடவை அளந்துவிடுவாள்.

முதலாளியை ஊரே மேஸ்திரி என்று கூப்பிட்டது. பிளாஸ்டரில் கை வைத்தால் கால் தானாக உருவாகி வரும், அப்படி ஒரு கை. பொறுமை மட்டும் மருந்துக்கும் இல்லை. "ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டா தீர்ந்துச்சு" என்றார். எந்த மாதிரி, எவ்வளவு பெரியது என்று அவள் கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். கையில் தீப்பெட்டி அளவுக்குப் பளபளவென்று ஒரு சாமான்.

"பதினாறு டெராபைட், டேப்பு! கடைவீதி ஓரத்துல ஒருத்தன் கூடையில வெச்சு வித்துட்டிருந்தான். விலை ஒரு செருப்பு விலைகூட இல்ல."

"நம்ம சரக்கு மொத்தமும் ஒரு டெராபைட்கூட வராதேண்ணே. பதினாறு எதுக்கு?"

"இருந்துட்டுப் போகட்டுமே. சோறா கேக்குது?"

"பெரிய கால்தான் நல்ல கால்னா, எல்லாருக்கும் ஒரே சைஸ்ல அடிச்சு வெச்சுடலாமே. பொருந்தறதுதானேண்ணே நல்ல கால்? எனக்கு இது வேணாம். கடையில நல்லதா ரெண்டு வாங்குவோம். ஒண்ணு இங்க, ஒண்ணு வேற எடத்துல. இங்க தண்ணி பூந்தாலும் தீப்பிடிச்சாலும் அது தப்பிக்கும்."

"நல்ல வார்த்தையே வராதா உன் வாயில? ரெண்டு எதுக்கு? கால் போட்டுக்கறவங்க ஸ்பேர் கால் கேக்கறாங்களா?"

"கேக்கறாங்கண்ணே. நீங்கதான் செஞ்சு தர்றதில்ல."

இப்படி மடக்கினால் மேஸ்திரி உளியைத் தேடுவார். அன்றும் தேடினார்.

சாப்பாட்டு வேளையில் டேப்பக்கா தன் சொந்தக் கைக்காசோடு கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடைக்காரி என்ன வேண்டும் என்று கேட்டு முடிப்பதற்குள் இவள் கேள்விகளை அடுக்கினாள். கீழே விழுந்தால் என்ன ஆகும்? தூசி ஒத்துக்கொள்ளுமா? எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இந்த வயர் போகுமா? கெட்டுப்போனால் எத்தனை வருஷத்துக்குள் வந்து உங்கள் சட்டையைப் பிடிக்கலாம்?

கடைக்காரி நல்லவள். உள்ளதைச் சொன்னாள். "இதுக்குள்ள தட்டு சுத்தும்க்கா. ஓடும்போது விழுந்தா போச்சு. அந்தப் பக்கம் இருக்கறதுல தட்டு கிடையாது, தாங்கும், வேகமும் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. நீங்க காப்பி எடுத்துப் பீரோவுல வெக்கத்தானே? வாரம் ஒருதடவை வெளிய எடுப்பீங்க. அதுக்கு இதே போதும். இருக்கற சரக்கைப்போல ரெண்டு மடங்கு இடம் இருந்தா சரி."

ரெண்டு டெராபைட்டில், கறுப்பாக, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லாத ஒரு டிஸ்க்கை டேப்பக்கா எடுத்துக்கொண்டாள். மூன்று வருஷ உத்தரவாதம். மிச்சமிருந்த சந்தேகங்களையும் கேட்டுத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் கடைக்காரியை விட்டாள்.

அன்று மாலைக்குள் மேஸ்திரியின் தீப்பெட்டியும், மறுநாள் மாலைக்குள் இவளுடைய கறுப்புப் பெட்டியும் நகலை வாங்கிக்கொண்டன. மேஸ்திரி தன்னுடையதைத் திறந்து, முதல் மூன்று பேருடைய ஸ்கேனைப் பார்த்தார். மூன்றும் ஜம்மென்று திறந்தன. "பார்த்தியா!" என்றார்.

ஆனால் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கால் செய்வதற்கு முன்னால், மீதிக் கால் உட்காருகிற கிண்ணத்தை மட்டும் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக்கில் செய்து, ஆளுக்கு மாட்டி, நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். நடந்து பார்க்காத கால் எதுவும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. நகல் விஷயத்திலும் டேப்பக்கா அதையேதான் நினைத்தாள். மூன்று பேர் நடந்துவிட்டால் நானூறு பேரும் நடந்ததாகிவிடுமா?

"நான் வீட்டுல வேற கம்ப்யூட்டர்ல போட்டு ஒவ்வொண்ணாத் திறந்து பார்க்கறேண்ணே. முடிச்சிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இங்க இருக்கற எதையும் தொடாதீங்க."

"நானூறையுமா?"

"நானூத்திப் பன்னெண்டு."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். வீட்டிலும் அதே கதைதான். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த புருஷன், மகளின் லேப்டாப்பில் ஒவ்வொரு மீதிக் காலாகச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுல இருக்கற ஆறு கால் போதாதுன்னு நானூறைக் கூட்டிட்டு வந்துட்டியா? எல்லாத்துக்கும் செருப்பு யாரு வாங்கறது?" என்றான். அவள் சிரிக்கவில்லை. திறந்தது, முழுசாக இருந்தது, டிக். அடுத்தது. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று சாயங்காலங்கள் அப்படியே போயின. வியாழக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டபோது முந்நூற்றுத் தொண்ணூறு முடிந்திருந்தது. இன்னும் இருபத்திரண்டுதானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைப் பீரோவில், துண்டுகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தபால்காரர் வந்தார். உடன் வேலை செய்கிறவர் ஒருவர் அவருடைய ஒரு தோளைத் தாங்கியிருந்தார், இன்னொரு தோளில் தபால் பை. அக்குளில் அவருடைய செயற்கைக் கால், கிண்ணம் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டு. ஈரப் படியில் வழுக்கிவிட்டாராம். மனுஷன் காலை விட்டாலும் பையை விடவில்லை.

"செவ்வாக்கிழமை அதிகாரி வந்து என்னை நடக்கவிட்டுப் பார்க்கறாருக்கா" என்றார். செயற்கைக் கால் போட்டுக்கொண்டதில் இருந்து ஆறு மாசமாக அவரைத் தற்காலிகமாகத்தான் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "நடந்துட்டா என் தெருவெல்லாம் எனக்கே. இல்லேன்னா உள்ள நாற்காலியில உக்கார வெச்சு முத்திரை குத்த விட்டுருவாங்க, ஆயுசு முழுக்க. தேதி மாத்தமாட்டாங்களாம், கேட்டுப் பார்த்துட்டேன்."

மீதிக் கால் நன்றாக வீங்கியிருந்தது. டேப்பக்கா நாடாவை எடுக்கவே இல்லை. இப்போது அளந்தால் வீக்கத்துக்குத்தான் கால் செய்யலாம், மனுஷனுக்கு இல்லை. வீக்கம் வடிய மூன்று நாளாகும். வடிந்த பிறகு அளந்து செய்ய நேரம் கிடையாது.

"அட, இதுக்கா முகத்தைத் தொங்கப்போட்டுட்டு? உன் பழைய அளவு நம்மகிட்ட இருக்குப்பா. இன்னிக்கே வேலையை ஆரம்பிச்சா, வீக்கம் வடியறதுக்கும் கால் தயாராகறதுக்கும் சரியா இருக்கும்" என்று மேஸ்திரி தன் தீப்பெட்டியைக் கம்ப்யூட்டரில் சொருகினார்.

நானூற்று ஒன்றாம் எண். பெயர் இருந்தது. எத்தனை பெரிய ஃபைல் என்ற கணக்கும் இருந்தது. திறந்தால் சாம்பல் நிறத்தில் வெறும் திரை. முந்தினதைத் திறந்தார், வெறுமை. நூறாவதைத் திறந்தார், அதுவும் அப்படியே. முதல் முப்பது முப்பத்தைந்து பேர்தான் உள்ளே இருந்தார்கள். மற்றவர்களுக்குப் பெயர்ப்பலகை மட்டும் மாட்டி வைத்திருந்தது அந்தச் சாமான். பதினாறு என்று வெளியே எழுதிவிட்டு உள்ளே ஏதோ கையளவு இடத்தை வைத்து விற்றிருக்கிறான் புண்ணியவான்.

"போனாப் போகுது. கம்ப்யூட்டர்ல இருக்கறதைத் திறங்கண்ணே" என்றாள் டேப்பக்கா.

மேஸ்திரி விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சுரண்டினார். "உடைச்சிட்டேன்" என்றார்.

"எதை?"

"அச்சை."

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கால் முடிந்ததும் பிளாஸ்டர் அச்சைச் சுத்தியலால் உடைத்துவிடுவது மேஸ்திரியின் முப்பது வருஷப் பழக்கம். அடுத்த அச்சுக்கு அலமாரியில் இடம் வேண்டுமே! நேற்று அவள் கிளம்பிப் போன பிறகு புது ஆள் ஒருவர் வந்திருக்கிறார், ஸ்கேனுக்கு இடம் வேண்டியிருந்திருக்கிறது, நகல்தான் ஆகிவிட்டதே என்று நானூற்றுப் பன்னிரண்டையும் அழித்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில இருக்குமே?"

"அதையும் காலி பண்ணிட்டேன். செய்யறதைச் சுத்தமாச் செய்வோமேன்னு…"

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" ஒன்பது வருஷத்தில் அவள் மேஸ்திரியிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஒவ்வொருவர் முன்னாலும் மண்டி போட்டு உட்கார்ந்து அவள் எடுத்த அளவுகள் அவை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வாய்வரை வந்துவிட்டது. பேயறைந்த மாதிரி நின்ற மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது? தபால்காரர் வேறு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் வழியெல்லாம் ஒரே எண் மண்டைக்குள் குடைந்தது. முந்நூற்றுத் தொண்ணூறு வரைக்கும்தான் பார்த்திருந்தாள். இவருடையது நானூற்று ஒன்று. நகல் எடுத்தாயிற்று, உண்மை. மேஸ்திரியும் அதைத்தானே சொன்னார்?

லேப்டாப்பைத் திறந்து, பெட்டியைச் சொருகி, நானூற்று ஒன்றை அமுக்கினாள். சாம்பல் திரை வந்தது. ஒரு விநாடி. இரண்டு விநாடி.

பிறகு கீழிருந்து மேலாக, முட்டிக்குக் கீழே ஒரு சாண் நீளமுள்ள அந்த மீதிக் கால் எழும்பி வந்து முழுசாக நின்றது. சுற்றினாள், சுற்றியது. முட்டிக்குக் கீழே நாலு விரல் தள்ளிச் சுற்றளவைத் திரையில் எடுத்து, நாடாவில் எடுத்ததை அவள் எழுதிவைக்கும் நோட்டில் இருந்ததோடு ஒப்பிட்டாள். மயிரிழை வித்தியாசமில்லை.

"இருக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து என்னவென்று கேட்டாள். "கால் இருக்கு!" என்று மறுபடியும் கத்தினாள். அந்த அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரகம் இல்லை டேப்பக்கா. இப்போது உலகத்திலேயே இருப்பது இந்த ஒரு நகல்தான். மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

"இருக்குண்ணே. ஆனா நான் வரமாட்டேன், இதுவும் வராது. முதல்ல இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க. கடையில போய் வாங்குங்க. கூடைக்காரன்கிட்ட போனீங்க, நடக்கறதே வேற."

பிளாஸ்டர் ஏப்ரனோடு மேஸ்திரி தெருவில் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அரை மணியில் வியர்வை சொட்டச் சொட்ட வாசலில் நின்றார். "ரெண்டு டெராபைட். மூணு வருஷ உத்தரவாதம். வயர் நம்ம கம்ப்யூட்டருக்குப் போகும், கேட்டுட்டேன்" என்று பாடம் ஒப்பித்தார். பிறகு குரல் இறங்கியது. "என் தப்புதான் டேப்பு. நீ வாங்கினதால நம்ம ஜனங்க பொழைச்சாங்க."

"உக்காருங்கண்ணே, தண்ணி குடிங்க" என்றாள். அதற்கு மேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க அவளால் முடியவில்லை. தபால்காரருடைய ஃபைலைத்தான் முதலில் புதுப் பெட்டியில் ஏற்றி, திறந்து பார்த்து, மேஸ்திரியின் கையில் கொடுத்தாள். அவர் பட்டறைக்கு ஓடினார். அதைக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு அவர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு, மற்றவற்றை அவள் ஏற்றிக்கொண்டாள். மிச்சமிருந்த இருபத்தொன்றையும் அன்றே திறந்து டிக் போட்டு முடித்தாள். ஒன்றுகூடப் பழுதில்லை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பட்டறைக் கதவு சாத்தவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தை மாட்டிப் பார்த்தபோது ஒரு ஓரத்தில் லேசாக இறுகியது. திங்கட்கிழமை வீக்கம் முழுசாக வடிந்து, கிண்ணம் அச்சாக உட்கார்ந்தது. சாயங்காலம் காலையும் பொருத்தி முடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தபால் அலுவலக முற்றத்தில் அதிகாரி அட்டையும் பேனாவுமாக நின்றார். பை நிறையக் கடிதங்கள், பத்துச் சுற்று, நடுவில் ஆறு படி ஏறி இறங்க வேண்டும். டேப்பக்காவும் மேஸ்திரியும் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். முதல் சுற்றில் அவள் அவருடைய காலை மட்டும் பார்த்தாள். மூன்றாம் சுற்றில் படியை வேகமாக இறங்கினார், மேஸ்திரி வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆறாம் சுற்றில் தபால்காரர் வேலியைக் கடக்கும்போது புருவத்தை உயர்த்திக் காட்டினார். அப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வலிக்கிற முகம் இல்லை அது.

பத்து முடிந்தது. "போதும்பா, வா" என்றார் அதிகாரி.

"இருங்க சார், இன்னும் ஒரு சுத்து" என்று சொல்லிக்கொண்டே தபால்காரர் நடந்தார். பன்னிரண்டும் ஆனது, பதிமூன்றும் ஆனது. உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லாம் படிக்கு வந்து கைதட்ட ஆரம்பித்தார்கள். மேஸ்திரி வெட்கமில்லாமல் அழுதார். டேப்பக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, நெஞ்சு நிறைந்து போயிருந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்ட தாளை நீட்டிக்கொண்டு முற்றத்து நடுவில் நின்றார். அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் நிற்கவில்லை.