வெளிநாட்டில் இருக்கும் அக்கா

தம்பி கதவின் வெளிப்பக்கத்தில் புதுத் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தான். அக்கா உள்ளே நின்றுகொண்டு, அவன் கேட்கக் கேட்க ஸ்குரூவை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னொண்ணு குடுக்கா."

"எத்தனை போடுற?"

"நாலு."

"போன தடவை ரெண்டுதானே போட்ட? அதுவே ஒம்பது வருஷம் தாங்குச்சு."

தம்பி திருப்புளியை அழுத்தினான். மூக்கு நுனியில் வியர்வை சொட்டத் தயாராக நின்றது.

"ரெண்டு மணி நேரந்தான்க்கா. அவங்க வந்து, பேசி, காபி குடிச்சிட்டுக் கெளம்புற வரைக்கும். அப்புறம் நானே கழட்டிடுறேன்."

"நான் கீழ வரமாட்டேன்னு சொன்னா நம்ப மாட்டியா?"

"நம்புறேன்."

"அப்புறம் எதுக்குத் தாழ்ப்பாள்?"

"ஒரு நிம்மதிக்கு."

யாருடைய நிம்மதிக்கு என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் நிம்மதி என்றால் அது மற்றவர்களுடையதுதான் என்பது அவளுக்கு என்றோ பழகிவிட்டது. நாலாவது ஸ்குரூவையும் கொடுத்தாள். தாழ்ப்பாள் விழுந்தது. படிகளில் தம்பி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. முப்பது வயது வரை ஒரு துணி ஆலையில் வெட்டும் பிரிவில் வேலை பார்த்தவள். கத்தரி பிடித்தால் நூல் பிசகாது. ஒருநாள் யாரும் இல்லாத இடத்திலிருந்து குரல்கள் அவளைத் திட்ட ஆரம்பித்தன. அவளும் பதிலுக்குத் திட்டினாள். முதலில் வீட்டுக்குள் திட்டினாள், பிறகு நட்டநடுத் தெருவில் நின்று திட்டினாள். மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று தடவையும் தெளிந்து வீடு வந்தாள். வந்த இரண்டாவது மாதம் மாத்திரைகள் மேசை இழுப்பறைக்குள் போய்விடும், குரல்கள் வெளியே வந்துவிடும். மூன்றாவது தடவைக்குப் பிறகு தம்பி மாடி அறைக்குத் தாழ்ப்பாள் போட்டான்.

"அக்காவைக் காணோமே?" என்று பக்கத்து வீட்டம்மாள் கேட்டபோது, "வெளிநாட்டுல வேலை கெடைச்சுப் போயிட்டாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தான். எந்த நாடு என்று அவன் சொல்லவில்லை. அந்தம்மாளும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுச் சுவரும் இவர்கள் வீட்டுச் சுவரும் ஒட்டியவை. மாடியிலிருந்து வந்த ஒவ்வொரு கூச்சலையும் கேட்டவர் அவர். இருந்தாலும் மாதத்துக்கு ஒருமுறை, "அக்கா போன் பண்ணாங்களா? அங்க குளிர் எப்படியாம்?" என்று விசாரிக்கத் தவறியதில்லை. ஒரு தெருவே ஒற்றுமையாக ஒரு காரியம் செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பொய்யை விட்டால் அங்கே வேறு அத்தாட்சி கிடையாது.

போன வருடம் ஆஸ்பத்திரி ஒரு புது ஏற்பாடு செய்தது. திரும்பத் திரும்ப வார்டுக்கு வருகிறவர்களை இனி வார்டில் காத்திருந்து பார்ப்பதில்லை. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸுகள், வேலை வாங்கித் தருகிற ஒருவர், ஒரு காலத்தில் தானே இந்த வியாதியில் கிடந்து எழுந்த ஒருவர் என ஐந்து பேர் கொண்ட குழு வீடு தேடிப் போகும். தினமும் காலையில் ஐவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, மாத்திரை உள்ளே போனதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புவார்கள்.

பழைய பதிவேட்டில் அக்காவின் பெயரும் இருந்தது. அவளுக்கு வாய்த்தவர் பெரிய நர்ஸ். கட்டைக் குரல், கனத்த உடம்பு. முதல் மூன்று வாரம் அவர் கதவைத் திறக்கச் சொல்லவே இல்லை. வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நாளைக்கும் வருவேம்மா" என்று சொல்லிப் போவார். ஒருநாள் அக்கா கதவோரத்து ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தம்ளரை விட்டெறிந்தாள். நர்ஸ் அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். நாலாவது வாரம் அக்காவே, "உள்ள வந்து ஒக்காருங்க, ஸ்டூல் சின்னதா இருக்கு" என்றாள்.

மாதம் ஒரு ஊசி, தினம் ஒரு மாத்திரை, பேச்சுத் துணை. குரல்கள் போய்விடவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கை கொஞ்சம் நடுங்கியது, உடம்பு கொஞ்சம் பெருத்தது. பழைய தாழ்ப்பாளை இரண்டாம் மாதமே நர்ஸ் கழற்ற வைத்தார். "வெளியில பூட்டுப் போட்ட கதவுக்கு நாங்க வைத்தியம் பாக்குறதில்ல சார்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டார். அதன்பின் பின்வாசல் வழியாக அவளை வெளியே கூட்டிப் போக ஆரம்பித்தார். முன்வாசல் கூடாது என்பது தம்பியின் நிபந்தனை. வெளிநாட்டில் இருப்பவள் முன்வாசலில் எப்படித் தென்படுவாள்? இப்படிச் சுற்றிச் சுற்றி, அடுத்த தெரு டெய்லர் கடையில் காஜா எடுக்கவும் பட்டன் தைக்கவும் அவளுக்கு வேலை பேசியாயிற்று. நாளை திங்கட்கிழமை முதல் போக வேண்டும்.

தினமும் வாசலில் வந்து நிற்கிற ஆஸ்பத்திரி வண்டிக்குத் தெருவுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே! "எனக்கு இடுப்பு வலி, பிசியோதெரபி" என்று தம்பி மனைவி பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். நல்ல மனசுதான். ஆனால் அன்றிலிருந்து அவள் இடுப்பில் கை வைத்து நொண்டித்தான் பஸ் ஸ்டாப் வரை போக வேண்டியிருந்தது. பஸ் ஏறியதும் நிமிர்ந்துகொள்வாள். எட்டு மாதமாகத் தெருவே அவளுக்காக உச்சுக்கொட்டியது. மாடியில் இருந்தவளுக்குப் பதினோரு வருடத்தில் அதில் ஒரு 'உச்' கூடக் கிடைக்கவில்லை.

இன்றைக்கு வருகிறவர்கள் தம்பி மகளின் மாப்பிள்ளை வீட்டார். பையனும் பெண்ணும் ஒரே அலுவலகம். இருவருக்கும் பிடித்துப்போய் ஒரு வருடமாகிறது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் பாக்கி. அதனால் தம்பி முந்தின நாளே குழுவுக்குப் போன் செய்து, "நாளைக்கு நாங்க யாரும் வீட்ல இருக்க மாட்டோம், வர வேணாம்" என்று சொல்லியிருந்தான். அந்தக் குழுவைப் பற்றி அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. வர வேண்டாம் என்று எந்த வீட்டிலிருந்து சொல்கிறார்களோ, அந்த வீட்டுக்குத்தான் அவர்கள் முதலில் கிளம்புவார்கள்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அறை ஹாலுக்கு நேர் மேலே. கீழே கரண்டி விழுந்தாலும் அக்காவுக்குக் கேட்கும். சிரிப்பு கேட்டது, பிஸ்கட் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பையனின் அம்மாவுக்கு நல்ல கணீரென்ற குரல்.

"உங்களுக்கு ஒரு அக்கா இருக்காங்களாமே?"

"ஆமாங்க. வெளிநாட்டுல இருக்காங்க" என்றான் தம்பி.

"அப்படியா? எங்க பெரிய பையனும் வெளிநாட்டுலதான். லீவே கெடைக்க மாட்டேங்குது அவனுக்கு."

"இவங்களுக்கும் அதே கதைதான்."

எந்த நாடு என்று இந்தப் பக்கமும் கேட்கவில்லை, அந்தப் பக்கமும் கேட்கவில்லை. பேச்சு சட்டென்று மண்டப வாடகைக்குத் தாவிவிட்டது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடம் இதே கதவுதான். அப்போது வலித்ததில்லை, அப்போது அவள் பாதி இங்கே இல்லை. இன்றைக்கு முழுசாக இருந்தாள். தெளிந்த பிறகு பூட்டினால் எப்படி வலிக்கும் என்பதை அவள் இன்றுதான் தெரிந்துகொண்டாள். அழுகை வந்தது. அழுதாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அடுத்த நிமிடம் கட்டைக் குரல் ஹாலில் கேட்டது. "வணக்கங்க. விருந்தாளிங்க வந்திருக்காங்களா? நீங்க பேசிட்டிருங்க, நான் மேல போயிட்டு வந்துடுறேன்."

"இவங்க... பிசியோதெரபி" என்று தம்பி மென்று விழுங்கினான். "வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி."

"எனக்கு இன்னைக்கு வலி இல்லீங்க" என்றாள் தம்பி மனைவி அவசரமாக.

"உங்களுக்கு வலி இல்லேன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் நர்ஸ். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கு வைத்தியம் என்பதை அந்த ஆளைக் கேட்காமல் அடுத்தவரிடம் சொல்வது அவர்கள் தொழிலில் கிடையாது.

பையனின் அம்மா விடவில்லை. "இடுப்பு வலியை லேசா விட்டுடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்..."

அப்போது படியில் வேகமாகக் காலடிச் சத்தம். தாழ்ப்பாள் விலகியது. தம்பி மகள் நின்றாள். கண்ணில் மை கலைந்திருந்தது.

"அத்தை, நர்ஸம்மா வந்திருக்காங்க. ஒனக்கு மாத்திரை நேரம். கீழ வா."

"ஒங்கப்பா ஒன்ன வெட்டிப் போட்டுடுவான்டி."

"போடட்டும். நீ வா."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஹாலில் எல்லாக் கப்புகளும் அப்படியே நின்றன. தம்பி அசடு வழிந்தபடி எழுந்தான். "இவங்கதான்... எங்க அக்கா. இப்பத்தான்... காலையிலதான்..."

"வெளிநாட்டுல எங்கேருந்து?" என்றாள் பையனின் அம்மா.

"மாடியிலேருந்து" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அவள் காலியான நாற்காலியில் உட்கார்ந்து, நர்ஸ் நீட்டிய மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். தம்ளர் கையில் நடுங்கியது. அவள் அதை மறைக்கவில்லை.

"பதினோரு வருஷமா எனக்குத் தலைக்குள்ள குரல் கேக்குற வியாதிங்க. இந்தம்மா எனக்காகத்தான் வர்றாங்க. என் தம்பி பொண்டாட்டி இடுப்பு கல்லு மாதிரி இருக்கு. நாளையிலேருந்து நான் டெய்லர் கடைக்கு வேலைக்குப் போறேன். என்னை மறைச்சு இந்தப் பொண்ணைக் கட்டிக் குடுத்தா, அவ வாழ்நாள் பூரா எனக்கு ஒரு நாட்டைத் தேடிட்டிருக்கணும். அதான் சொல்லிட்டேன்."

பையனின் அம்மா எழுந்துவிட்டாள். குரல் இன்னும் கணீரென்று ஆனது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். எங்க பரம்பரையிலயே இந்த மாதிரி கெடையாது. நாளைக்குப் பொறக்கப் போற கொழந்தைக்கு வராதுன்னு என்ன நிச்சயம்? நாங்க கௌரவமான குடும்பம்."

பையன் தரையைப் பார்த்தான். பெண் அவனைப் பார்த்தாள். அவன் நிமிர்வான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, காலிக் கப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சொல்லி அனுப்புறோம்" என்று அவர்கள் செருப்பைத் தேடினார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்பது செருப்புக்குக் கூடத் தெரிந்திருக்கும்.

"குடியைக் கெடுத்திட்டியேக்கா" என்றான் தம்பி, தலையில் கை வைத்து.

"கதவை நான்தாம்ப்பா தொறந்தேன்" என்று மகளின் குரல் அடுக்களையிலிருந்து வந்தது. "தெரிஞ்சுதான் தொறந்தேன்." பிறகு குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். இருந்தாலும் நர்ஸை வழியனுப்ப எழுந்தாள். பின்வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு முன்வாசல் வழியாக நடந்து தெருவில் இறங்கினாள். பக்கத்து வீட்டம்மாள் மூக்கின் மேல் விரலை வைத்தார்.

"அடடே! வெளிநாட்டுலேருந்து எப்ப வந்தீங்க?"

"இப்பத்தாங்க. ரெண்டு நிமிஷம் ஆகுது."

அப்போதுதான் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் கார் தெருமுனை வரை போய் நின்றது. கதவு திறந்து பையனின் அம்மா மட்டும் இறங்கி, விறுவிறுவென்று திரும்பி வந்தாள். ஏதாவது பாக்கி வைத்துவிட்டுப் போன வசவாக இருக்கும் என்று அக்கா நினைத்தாள். ஆனால் அவள் நேராக நர்ஸிடம் போய் நின்றாள். அந்தக் கணீர்க் குரலை எங்கே ஒளித்தாளோ, காற்றுதான் வந்தது.

"உங்க வண்டி எங்க பக்கமும் வருமாங்க?"

"யாருக்கும்மா?"

அவள் அக்காவைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். "பெரிய பையன்" என்றாள். "ஆறு வருஷமாச்சு."

நர்ஸ் நோட்டை எடுத்து முகவரி எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சற்று முன் கேட்ட 'கௌரவமான குடும்பம்' இன்னும் காதில் இருந்தது. ஆனால் அவளுக்கு அந்த ஆறு வருடத்தின் உள்பக்கம் தெரியும். அதனால் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அவருக்குச் சாப்பாடு யாரு கொண்டு போறது?"

"நான்தான்."

"கதவுக்கு வெளியில வச்சிட்டு வந்துடுவீங்களா?"

பையனின் அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"இன்னைக்கு உள்ள போங்க. போயி, அவர் சாப்பிடுற வரைக்கும் கூட ஒக்காந்திருங்க. நாங்க கடிக்க மாட்டோம்."

தெருமுனையில் ஹாரன் அடித்தது. பையனின் அம்மா கண்ணைத் துடைத்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு காரை நோக்கி நடந்தாள். "அவங்ககிட்ட அப்படி என்ன பேச்சு?" என்று அவள் கணவர் உள்ளேயிருந்து கேட்டது தெரு முழுக்கக் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள், பழைய குரலிலேயே. "வழி கேட்டேன்."