ஒயர் இல்லாத சார்ஜரும் ஒரு பூசணிக்காயும்

கோவிந்தராஜ் மூன்று வருடமாகக் கடக்காத சாலை ஒன்று ஏற்காட்டில் இருக்கிறது. ஒரு பஸ்ஸும் ஒரு ஸ்கூட்டரும் உரசாமல் போகும் அகலம்தான். இந்தப் பக்கம் அவருடைய ‘மேகம் ரெசிடென்ஸி’. அந்தப் பக்கம் அவர் மனைவி மலரின் தம்பி யுவராஜின் டீக்கடை. கடை வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, எலக்ட்ரிக் கார்களுக்கு சார்ஜ் ஏற்றும் பெட்டியும் அதிலிருந்து தொங்கும் தடித்த கறுப்பு ஒயரும் உண்டு. சண்டைக்குக் காரணமே அந்த ஒயர்தான்.

முதலில் இருவரும் கூட்டாகத்தான் அதை வைப்பதாக இருந்தது. தூரத்து ஊர்களிலிருந்து கிளம்பி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வரும் கார்கள் மேலே வந்து சேரும்போது பேட்டரி பல்லிளித்துவிடும். சார்ஜ் ஏறும்வரை அவற்றை நிறுத்தி வைத்தால் சோறும் டீயும் ஓடும் என்று யுவராஜ் யோசனை சொன்னான். கோவிந்தராஜ் அதற்கான பதிலைத் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்த ஒரு காதுகுத்துப் பந்தியில், கடைசி இலைவரை கேட்கும்படி சொன்னார்.

“மாட்டைக் கட்டற மாதிரி காரைக் கவுத்துல கட்டிப் பொழைக்கச் சொல்றயா மாப்ள? நானென்ன மாட்டுச் சந்தையா நடத்தறேன்?”

பந்தியே சிரித்தது. யுவராஜ் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அடுத்த மாதமே தனியாகப் பெட்டி வைத்தான். கார்கள் வரிசை கட்டின. கார் கரண்ட் குடிக்க, காரில் வந்தவர்கள் மிளகாய் பஜ்ஜி தின்றார்கள்.

மலர் அன்றிலிருந்து மாடியில் துணி காயப்போடும் சாக்கில் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். மழை கொட்டும் நாளிலும் துணி காயப்போட்டாள். இவளுக்கு ஏன் புத்தி இப்படிப் போகிறது என்று கோவிந்தராஜ் வருத்தப்பட்டார். மற்றபடி அவர் நல்ல புத்திசாலி.

அந்தப் புத்திசாலித்தனத்துக்குத் தீனியாக ஒயர் இல்லாத சார்ஜர் வந்து சேர்ந்தது. தரையில் பதித்த கறுப்புப் பலகைக்குள் ஒரு செம்புச் சுருள். காரின் அடிவயிற்றில் இன்னொரு சுருள். ஒன்றுக்கு நேராக ஒன்றை நிறுத்திவிட்டால் நடுவில் இருக்கும் காற்றைத் தாண்டிக் கரண்ட் ஏறிவிடும். விற்க வந்தவன் இதை விளக்கி முடிப்பதற்குள் கோவிந்தராஜ் போர்டிகோவில் இடம் காட்டிவிட்டார். ‘ஒயரெல்லாம் பழைய காலம்’ என்று ஒரு ஃபிளெக்ஸ் போர்டும் வைத்தார். அதை ரோட்டில் போகிறவர்கள் பார்க்கும்படி வைக்கவில்லை. யுவராஜின் கல்லாவைப் பார்த்தபடி வைத்தார்.

ஒரே ஒரு சின்னக் குறை. வயிற்றில் சுருள் உள்ள கார் எதுவும் ஏற்காட்டுக்கு வரவில்லை. சாதாரணக் கார்கள் பலகைமேல் வந்து நின்றன, ஒன்றும் நடக்காமல் கிளம்பி எதிர்க்கடைக்குப் போயின. பனிக்காலம் முழுக்கத் தெருநாய் ஒன்று அதன்மேல் படுத்துத் தூங்கி நன்றாகத் தேறியது. அந்தப் பலகையில் சார்ஜ் ஏறிய ஒரே ஜீவன் அதுதான்.

கடைசியில் கோயமுத்தூரிலிருந்து வனிதா என்ற டிராவல்ஸ் முதலாளியம்மா போன் செய்தார். சுருள் பொருத்திய கார்கள் வாங்கியிருக்கிறாராம். தானே ஒன்றை ஓட்டிவந்து பார்ப்பாராம். நன்றாக ஏறினால் தன் சுற்றுலாக் கூட்டம் மொத்தத்தையும் மேகத்திலேயே தங்க வைப்பாராம். பாதி அறைகள் பூட்டிக் கிடந்த கோவிந்தராஜுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் சந்தோஷம் எதிர்க்கடையை நினைத்துத்தான் வந்தது. வேலையாட்கள் எல்லாரையும் கூப்பிட்டு, “ஏறலைன்னா நானே ரோட்டைத் தாண்டிப் போயி அவங்கிட்ட டீ வாங்கிக் குடிக்கறேன்!” என்று சபதம் போட்டார்.

வனிதா வரும் நாள் காலையில் பலகைக்குத் திருஷ்டி கழிக்க வேண்டியிருந்தது. யுவராஜின் கண் அதன்மேல் விழாத நாளில்லை என்பது அவர் நம்பிக்கை. மலர் பூசணிக்காயைக் குடைந்து, வழக்கம்போலக் குங்குமமும் சில்லறைக் காசும் போட்டுக் கொடுத்தாள். மற்றவர்கள் முச்சந்தியில் உடைப்பார்கள். கண் பட்டது பலகைமேல்தானே என்று கோவிந்தராஜ் பலகையின் நட்டநடுவிலேயே ஓங்கிப் போட்டார். சிவப்புச் சேறாகத் தெறித்தது. வாட்ச்மேன் ஆறுமுகம் காசைப் பொறுக்கக் குனிந்தார்.

“தொடாதய்யா! திருஷ்டிக் காசு. சாயங்காலம்வரைக்கும் அப்படியே கெடக்கோணும்.”

அதற்குள் வளைவில் ஹாரன் கேட்டது. வரும் அம்மாவுக்கு இந்தக் கோலமா தெரிய வேண்டும்? ரிசப்ஷனில் கிடந்த பச்சை மிதியடியை இழுத்து வந்து பூசணி, குங்குமம், காசு எல்லாவற்றையும் மூடினார். பார்க்க லட்சணமாக இருந்தது.

வனிதா காரைப் பலகைமேல் அளவாகக் கொண்டுவந்து நிறுத்தினார். சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னால் எடுத்தார், பின்னால் எடுத்தார். சிவப்பு. கோவிந்தராஜ் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“பலகைமேல மெட்டல் ஏதாவது இருக்கா சார்? இருந்தா சூடாயிடும்னு மெஷின் தானா நிறுத்திக்கும்.”

“பூஜை போட்டு நொம்ப சுத்தமா வெச்சிருக்கறனுங்க.”

“ஆணி, போல்ட்டு, பாட்டில் மூடி?”

“ஒரு குண்டூசி கெடையாதுங்க.”

மனிதர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை மிதியடிக்குக் கீழே இருந்தது திருஷ்டி. திருஷ்டி எப்போதிலிருந்து மெட்டல் ஆனது? பக்கத்தில் காபித் தட்டோடு நின்ற மலர் மிதியடியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அப்புறம் ரோட்டைப் பார்த்தாள்.

“காபி ஆறுதுங்க,” என்றாள்.

கற்பூரம் காட்டினார்கள். சிவப்பு. “கண்ணு வெச்சுட்டான்” என்று பல்லைக் கடித்த கோவிந்தராஜ், இன்னொரு பூசணிக்காய் வாங்க ஆளனுப்பப் போனார். வனிதாவின் பொறுமை அதற்குள் தீர்ந்துவிட்டது.

“ஏனுங்க, எனக்கு ஒயர் இருந்தாலே போதுமுங்க. இந்த வண்டியில ரெண்டுமே ஏறும். எதுத்தாப்ல போட்டுக்கறேன். ஆனா அங்க ஏற்கனவே ரெண்டு வண்டி நிக்குது. அவருகிட்ட நீங்க கொஞ்சம் சொல்றீங்களா?”

வேலையாட்கள் எல்லாரும் திடீரென்று வேறு எங்கோ பார்த்தார்கள். பூட்டிக் கிடக்கும் அறைகளை நினைத்துக்கொண்டு கோவிந்தராஜ் வேட்டியை இறுக்கிக் கட்டினார். செம்மநத்தம் போகிற பஸ் ஒன்று கடந்தது. அது நின்று வழி மறித்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். அது பாட்டுக்குப் போய்விட்டது. ரோட்டைத் தாண்டினார்.

யுவராஜ் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“வாங்க மாமா. மாட்டைக் கட்டோணுங்களா?”

பந்தியில் சிரித்த அத்தனை பேரும் கூடவே நின்று கேட்பதாக கோவிந்தராஜுக்குத் தோன்றியது.

“கட்டு மாப்ள,” என்றார். “அன்னைக்கு நான் பேசுனது தப்புத்தான்.”

யுவராஜ் போய், வரிசையில் நின்றவர்களிடம் பேசி, வனிதாவின் காரை முன்னால் வரச் சொல்லி ஒயரை மாட்டினான். உடனே பச்சை விளக்கு எரிந்தது. பஜ்ஜித் தட்டை வாங்கிக்கொண்ட வனிதா, “ரூம் உங்களுது, ஒயர் அவருது. எனக்குச் சரிதானுங்க” என்று ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் முடித்தார்.

மலர் எப்போது ரோட்டைத் தாண்டினாள் என்று யாரும் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எளச்சுப் போயிட்டியே சாமி” என்றாள். அவன் இளைக்கவில்லை, தொந்திதான் போட்டிருந்தான். ஆனாலும் அவனும் அழுதான்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஆறுமுகம் மிதியடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். “சார்! அந்தக் காசைக் கூட்டித் தள்ளுனதும் இங்கயும் பச்சை எரியுதுங்க!”

கோவிந்தராஜ் மெதுவாகத் திரும்பி மலரைப் பார்த்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“போன்ல அந்தப் பையன் மெட்டல்னு சொன்னப்பவே தெரியுமுங்க.”

“அப்பறம் ஏம்புள்ள வாயே தொறக்கல?”

மலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தொறந்திருந்தா நீங்க இந்த ரோட்டைத் தாண்டியிருப்பீங்களா?”

கோவிந்தராஜ், யுவராஜ் கொடுத்த டீயை வாங்கிக் குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.