ஓட்டத்துக்கு ஒரு வாய்தா

பள்ளிக்கூடம் திறக்கப்போகும் நேரம் என்பதால் தையற்காரம்மாவின் முன்னறை முழுக்க நீலத் துணி குவிந்து கிடந்தது. அவர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி ஒரு சீருடையின் மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வாயில் ஊசி இருக்கும்வரைதான் வீட்டில் அமைதி என்பது மகனின் அனுபவம். லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கும் அவன், சொல்லக் கஷ்டமான விஷயங்களை அந்த நேரம் பார்த்துத்தான் சொல்வான்.

"அம்மா, இவ கேஸ் போடப் போறா."

ஊசிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"யார் மேல?"

"அரசாங்கத்து மேல."

அவனுக்குப் பின்னால் நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு மருமகள் நின்றிருந்தாள். ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் பம்பரம். தீயணைப்புத் துறையில் சேர வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியும் விட்டாள். ஆனால் ஓட்டத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம்.

பிரசவம் முடிந்து ஓடுகிறேன், அதுவரை அவகாசம் கொடுங்கள் என்று கேட்கத் தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார், பிறகு கையை விரித்தார்.

"ஓட முடிஞ்சா வந்து ஓடுங்கம்மா. இல்லேன்னா வரலைன்னு போட்டுருவேன். விதியில வேற வழி இல்ல."

"வயித்துல பிள்ளையோட எப்படி சார் ஓடுறது?"

"அது உங்க சொந்த விஷயம்மா. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

இதையெல்லாம் மகன் சொல்லி முடிக்கும்வரை தையற்காரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மருமகளிடம் சொன்னார்:

"நல்லா இருக்கே கதை. நீ ஒருத்தி ஓடலைங்கறதுக்காக அரசாங்கம் சட்டத்தை மாத்துமா? கோர்ட்டு வாசல்ல நிக்குற குடும்பம்னு நாலு பேர் பேசுறதுக்கா? பேசாம பிள்ளையைப் பெத்து எடு. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவை எனக்கு வயசு தாண்டிரும் அத்தை" என்றாள் பம்பரம். குரல் உயரவில்லை. ஆனால் மறுநாள் வக்கீலைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. படிக்கட்டு செங்குத்தாக இருந்ததால் அவரே கீழே இறங்கி வந்தார். தொங்கும் டயர்களுக்கு நடுவே, கடைக்காரர் துடைத்துப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்துதான் வழக்கின் முதல் பேச்சு நடந்தது.

நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு, ஒரு ஆளுக்காகத் தேர்வைத் தள்ளிவைத்தால் நிர்வாகமே நின்றுபோகும் என்றது. மற்றவர்கள் ஓடி முடித்திருந்தார்கள். நீதிபதி இரு பக்கமும் கேட்டுவிட்டு, வழக்கு முடியும்வரை யாருக்கும் பணி ஆணை கொடுக்கக் கூடாது என்று தடை போட்டார். பம்பரம் தரையில் கால் பாவாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமைவரைகூடத் தாங்கவில்லை. மூன்று பெண்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள். மூவரும் ஓட்டத்தில் தேறியவர்கள். முன்னால் நின்றவள் நிலைவாசல் தலையில் இடிக்கும் அளவுக்கு உயரம். தையற்காரம்மா அவளுக்கு மனசுக்குள் 'நெட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்.

"உங்க மருமக ஒருத்தியால எங்க எல்லாருக்கும் வேலை நின்னு போச்சும்மா" என்றாள் நெட்டை. "எனக்கு வேலை கிடைச்சுருச்சுன்னு எங்கப்பா தெரு முழுக்க சொல்லிட்டாரு. இப்ப வெளிய தலைகாட்ட முடியல. அவங்களால ஓட முடியலேன்னா பேசாம வீட்டுல இருக்க வேண்டியதுதானே?"

தையற்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஏறக்குறைய தான் சொன்ன அதே வார்த்தைகள்தான். சொல்லும்போது புத்திமதியாகத் தெரிந்தவை, இன்னொருத்தி வாயிலிருந்து கேட்கும்போது அடியாக விழுந்தன. திரும்பிப் பார்த்தார். வீங்கிய காலோடு மருமகள் நாற்காலிகளின் மேலிருந்த துணியை ஒதுக்கி, சண்டைக்கு வந்தவர்கள் உட்கார இடம் செய்துகொண்டிருந்தாள்.

"உனக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா?" என்று நெட்டையைக் கேட்டார்.

"நிச்சயம் ஆயிருக்கு."

"சந்தோஷம். நாளைக்கு உனக்குப் பதவி உயர்வு வருது, அதுக்கு ஒரு ஓட்டம் வைக்கிறாங்கன்னு வச்சுக்க. அன்னைக்கு நீ இவளை மாதிரி வயித்தோட நிக்குற. உன்கிட்ட வந்து, வீட்டுல இருன்னு ஒருத்தி சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?"

நெட்டை, மருமகள் ஒதுக்கித் தந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளோடு வந்தவர்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "அதெல்லாம் சரிம்மா. ஆனா நாங்க என்ன தப்பு பண்ணோம்? நாங்க ஏன் காத்திருக்கணும்?"

"அதுவும் நியாயம்தான்" என்றாள் பம்பரம். "நீங்க காத்திருக்க வேண்டாம். எனக்குன்னு ஒரு இடத்தை மட்டும் காலியா வச்சுட்டு மத்தவங்களைச் சேத்துக்கச் சொல்லி கோர்ட்டுல கேக்குறேன்."

"அப்படிக் கேட்டா நம்ம பிடி தளர்ந்துராதா?" என்று பதறினார் மாமியார். சற்றுமுன்வரை வழக்கே வேண்டாம் என்றவர் அவர்தான்.

"எனக்கு ஒரு இடம் போதும் அத்தை. எல்லா இடத்துலயும் நானா உக்காரப் போறேன்?"

நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தவர்கள் ஆளுக்கொரு டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

வக்கீலம்மா எச்சரித்தார். தடை இருக்கும்வரைதான் எதிர்த் தரப்புக்கு அவசரம், தடை போனால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும் என்றார். பம்பரம் கேட்கவில்லை. நீதிமன்றம் ஒரு இடத்தை நிறுத்திவைத்து மற்றவர்களுக்கு வழி விட்டது. நெட்டை சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். வக்கீலம்மா சொன்னபடியே வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நகர்ந்தது. அதற்குள் பம்பரத்துக்குப் பெண் குழந்தை பிறந்து, குப்புற விழவும் ஆரம்பித்துவிட்டது.

கடைசி விசாரணைக்குத் தையற்காரம்மா தையலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேத்தியோடு வந்து உட்கார்ந்தார். அரசு வழக்கறிஞர் பேச எழுந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது.

"யார் குழந்தை அது?" என்று நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

தையற்காரம்மா எழுந்து நின்றார். "மன்னிக்கணும் ஐயா. இவதான் அன்னைக்கு எங்க மருமகளை ஓட விடாமப் பண்ணவ. தன் பக்கத்தைச் சொல்லணும்கிறா போல."

மன்றமே சிரித்தது. அரசு வழக்கறிஞர்கூடக் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். தீர்ப்பு அன்றே வந்தது. கருவுற்றிருப்பது நோயும் அல்ல, தகுதிக் குறைவும் அல்ல. அதற்காக ஒரு பெண்ணின் வாய்ப்பைப் பறிப்பது சமநீதி ஆகாது. மருத்துவர் சரி என்றதும் இவருக்குத் தனியாக ஓட்டம் வைக்க வேண்டும். இனி வரும் பெண்களுக்கும் இதுவே விதி என்று நீதிபதி வாசித்தார். பம்பரம் அழுதாள். வக்கீலம்மாவும் அழுதார், ஆனால் சளி பிடித்திருக்கிறது என்றார்.

மருத்துவர் சம்மதித்ததும் பயிற்சி தொடங்கியது. விடுமுறை நாட்களில் காலையிலேயே நெட்டை வந்து கதவைத் தட்டுவாள். "என்ன, இன்னும் எழுந்திரிக்கலையா?" என்று அதட்டி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். முதல் நாள் பாதிச் சுற்றிலேயே பம்பரத்துக்கு மூச்சு முட்டியது. மெக்கானிக் சமையலைப் பார்த்துக்கொண்டான். அவன் கை பட்டதெல்லாம் கொஞ்சம் கருகியது. எல்லோரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

தேர்வு நாளன்று அத்தனை பெரிய மைதானத்தில் அவள் ஒருத்திதான் ஓடினாள். பழைய அதிகாரியே கடிகாரத்தோடு நின்றார். முதல் சுற்று நிதானமாகப் போனது. இரண்டாவதில் கால் கனத்தது. வளைவில் வேகம் குறைந்ததைப் பார்த்த நெட்டை சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடினாள். "கோட்டைத் தாண்டாதீங்க" என்று கத்தினார் அதிகாரி. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. மெக்கானிக் குழந்தையைத் தோளில் தூக்கிப் பிடித்தான். தையற்காரம்மா, "விடாதடி, வந்துட்ட, வந்துட்ட" என்று தொண்டை கிழியக் கூவினார்.

பம்பரம் கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "நேரம் மிச்சம் இருக்கும்மா. தேறிட்டீங்க" என்றார்.

புல்லிலேயே கட்டிப்பிடித்து எல்லோரும் ஒரு பாடு அழுது சிரித்து ஓய்ந்தார்கள். அதிகாரி குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுத் தயக்கத்தோடு சொன்னார்: "எங்களைக் கோர்ட்டுல நிக்க வச்சீங்களே, அவ்வளவு கோபமாம்மா எங்க மேல?"

தையற்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோபமா இருந்தா வீட்டுல உக்காந்து திட்டிட்டுப் போயிருப்போம் சார். இந்த வேலை மேல ஆசையும், கேட்டா நியாயம் கிடைக்கும்னு நம்பிக்கையும் இருந்ததாலதான் வந்தோம். எனக்கே இது லேட்டாத்தான் புரிஞ்சுது. விதி தப்பா இருந்தா வாயை மூடிட்டு ஒதுங்கிப் போறது அடக்கம் இல்ல, பின்னாடி வர்றவங்களுக்கு நாம பண்ற துரோகம். ஒருத்தி தைரியமா கேக்கும்போது அவளை விரோதியா பாக்காம பக்கத்துல நிக்கணும். அவ ஜெயிச்சா அது நம்ம எல்லாருக்கும்தான் சார்."