கடுகு தூக்கி வரும் சீப்பு

எங்கள் வீட்டில் நான்கு மனிதர்களும் ஒரு நாயும். நாய் என்று சொன்னால் என் நாத்தனாருக்குக் கோபம் வரும். "ஏன், அவனுக்குப் பேரு இல்லையா?" என்பார். பேர் கடுகு. யார்க்‌ஷயர் டெரியர் என்கிற குட்டி ஜாதி. முழுதாக வளர்ந்த பிறகும் என் கைப்பைக்குள் அடங்குவான். ஆனால் வாசல் மணியை யாராவது தொட்டால் போதும், உள்ளே போடுகிற சத்தத்தில் வந்தவர் இரண்டு படி கீழே இறங்கிவிடுவார். கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?

இந்த ஜாதிக்கு உடம்பைவிட முடிதான் பெரிது. நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவாவிட்டால் காதுக்குப் பின்னாலும் காலிடுக்கிலும் சிக்கு விழுந்து, இறுகி, தோலைப் பிடித்து இழுக்கும். கண்ணில் குத்தாமல் நெற்றி முடியைச் சேர்த்து ரப்பர் போட வேண்டும். பல் தேய்க்க வேண்டும், நகம் வெட்ட வேண்டும். கழுத்தில் பட்டை கட்டக்கூடாது, மூச்சுக்குழாய் அவ்வளவு மென்மை. மார்போடு சேர்த்துத்தான் வார் மாட்ட வேண்டும். பெற்ற பெண்ணுக்குக்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை. இதை அவளிடம் சொன்னால், "அதான் பாத்தாலே தெரியுதே!" என்று தன் பரட்டைத் தலையை ஆட்டிக் காட்டுவாள்.

குட்டியாக இருந்தபோது சீப்பைக் கண்டாலே கடிப்பான். "சீவி முடிச்சதும் ஒரு சின்ன பிஸ்கட் குடுங்க, பழகிடுவான்" என்றார் கடுகைப் பார்க்கும் டாக்டரம்மா. பழகினான். எப்படிப் பழகினான் என்றால், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் கூடையிலிருந்து அந்த இரும்புச் சீப்பை அவனே வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டுவிட்டு, பக்கவாட்டில் படுத்துக்கொள்வான். நான் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவள். காலையில் கிளம்புவதற்கு முன் இது நடந்தாக வேண்டும். கடையில் மாத்திரை வாங்க வந்தவர்களிடம்கூட, "என்கிட்ட மட்டும்தாங்க சீவிக்குவான்" என்று பெருமை பீற்றியிருக்கிறேன்.

ஒரு நாள் சோபாவிலிருந்து குதித்தவன் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நொண்டினான். அப்படியே அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா முழங்காலை அமுக்கிப் பார்த்தார். தராசில் ஏற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முட்டிச் சில்லு நழுவுது. இவ்வளவு வெயிட்ட இந்தக் கால் எப்படிம்மா தாங்கும்? ஒரு மாசத்துல இளைக்கணும். இளைச்சா சமாளிச்சிக்கலாம். இல்லன்னா ஆபரேஷன்தான். இந்த மூச்சுக்குழாய வச்சிக்கிட்டு மயக்க மருந்து குடுக்க எனக்கே கொஞ்சம் யோசனையா இருக்கு."

டாக்டருக்கே யோசனை என்றால் எனக்கு எப்படி இருக்கும்? வீடு திரும்பியதும் மூவரையும் கூடத்தில் நிறுத்திச் சட்டம் போட்டேன். அவன் சாப்பாட்டை நான்தான் அளந்து வைப்பேன். தட்டிலிருந்து எடுத்துப் போடுவது, மேசைக்கடியில் நீட்டுவது, "பாவம், பாக்குறான்" என்பது, எல்லாம் இன்றோடு சரி. லிஃப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர், திருகாணியை முழுங்கியவர்போலத் தலையாட்டினார். நாத்தனார், "என்னைய ஏன் பாக்குற? நான் என்ன எப்பப் பாத்தாலும் ஊட்டிக்கிட்டா இருக்கேன்?" என்றார். மகள் சத்தியமே செய்தாள்.

மாதம் பாதி போனது. தராசில் ஏற்றினால் முள் அசைந்தால்தானே! அதே எடை. அதே நொண்டல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்காரரின் சட்டைப் பையைத் தடவினேன். நாத்தனார் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஆறுதல்: அவன் முடி பட்டாகப் பளபளத்தது. சீப்பை வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு சிக்கு கிடையாது. நம் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒரு விடுமுறை நாள். எல்லோரும் வீட்டில். காலையில் கடுகு வழக்கம்போல வந்தான், சீவினேன், ஒரு பிஸ்கட் கொடுத்தேன். சீப்பைக் கூடையில் போட்டுவிட்டுத் துணியை ஊறவைத்தேன். சீப்பையும் சோப்புத் தண்ணீரில் அலசலாம் என்று திரும்பினால் கூடையில் சீப்பு இல்லை.

மகளின் அறையில் பேச்சுக்குரல் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். தன் தலையைச் சீவத் தெரியாத என் பெண், அவனை மடியில் போட்டு வால்வரை சீவிக்கொண்டிருந்தாள். முடித்ததும் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட். உள்ளே பாயலாம் என்று காலை எடுத்தேன். அதற்குள் கடுகு சீப்பைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தான். கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். என்னைத் தாண்டி நேராக நாத்தனார் அறைக்கு நடந்தான். அங்கே ஒரு சீவல். "எங்கண்ணு, என்கிட்டதான் வருவான்" என்று கொஞ்சல். மூக்குக் கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒரு பிஸ்கட். அடுத்து பால்கனி. கருவிப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், ஆளைப் பார்த்ததும் பையின் ஜிப்பைத் திறந்தார்.

"ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்பானர் கீழே விழுந்தது.

கையும் களவுமாகப் பிடித்து மூவரையும் மறுபடி கூடத்துக்கு இழுத்து வந்தேன்.

"நான் சாப்பாடா போட்டேன்? சீவிவிட்டதுக்கு ஒண்ணே ஒண்ணு. டாக்டரே சொன்னதுதானே?" என்றார் நாத்தனார்.

"நானும் அதேதான் நெனச்சேன்" என்றார் வீட்டுக்காரர். "அது கணக்குல வராதுன்னு..."

"அம்மா, நீ மட்டும் காலையில குடுக்கலையா?" என்றாள் மகள்.

உண்மைதானே! நானும் அதைச் சாப்பாட்டில் சேர்க்கவில்லை. ஆளுக்கொன்று, அதுவும் ஒரு சுற்றுக்கு. ஒரு நாளில் எத்தனை சுற்றோ, யார் கண்டது? கைப்பிடி அளவு உருவம், நான்கு பேர் தலையிலும் மிளகாய் அரைத்திருக்கிறது. கடுகு நடுவில் உட்கார்ந்து, அடுத்த ஆள் யார் என்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்தான். நாத்தனார்தான் முதலில் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் பிஸ்கட் எல்லாம் பறிமுதல். பிஸ்கட்டுக்குப் பதில் நெஞ்சைத் தடவிக் கொடுத்தால் போதும் என்றார் டாக்டரம்மா போனில். தடவல் வயிற்றை நிரப்புமா? முதல் நாள் சீப்போடு வந்தான், சீவிக்கொண்டான், கையை முகர்ந்தான், காத்திருந்தான். இரண்டாம் நாளும் அப்படியே. அதன் பிறகு சீப்பு கூடையிலேயே கிடந்தது. நாங்களாகப் பிடித்துச் சீவினால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பால்கனிப் பக்கமும் போகவில்லை, யார் அறைக்கும் போகவில்லை.

அது எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாளும் காலடியில் வந்து படுத்ததெல்லாம் பிஸ்கட்டுக்குத்தானா? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் நாத்தனார் கண்ணும் சிவந்திருந்தது. "தூசு விழுந்திடுச்சு" என்றார்.

மாதம் முடிந்து தராசில் ஏற்றினோம். முள் இறங்கியிருந்தது. டாக்டரம்மா முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பேச்சே வேண்டாம். இப்படியே வச்சிக்கங்க" என்றார். எனக்கு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது. வீட்டுக்காரர் வழி முழுக்க அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்து, நின்று நின்று வீங்கிய காலை நீட்டிச் சோபாவில் சாய்ந்தேன். டிக் டிக்கென்று தரையில் நகச் சத்தம். காலடியில் ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தால் சீப்பு.

"ஒண்ணும் இல்லடா என்கிட்ட" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். முகர்ந்தான். ஒரு நக்கு நக்கினான். பிறகு பக்கவாட்டில் படுத்து, சில்லு நழுவிய அந்தக் காலை என் பாதத்தின் மேல் நீட்டினான். காதிலிருந்து வால்வரை நிதானமாகச் சீவி, நெஞ்சைத் தடவிக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கிடந்தான்.

"பாத்தீங்களா? என்கிட்டதான் வந்தான்!" என்று வீடு கேட்கச் சொன்னேன்.

சொல்லி வாயை மூடுவதற்குள் எழுந்தான். உடம்பை ஒரு உதறு உதறிச் சீப்பைக் கவ்விக்கொண்டு மகளின் அறைக்குப் போனான். அங்கிருந்து பால்கனிக்கு. கடைசியில் நாத்தனார் அறை. நாத்தனாரின் குரல் கூடம்வரை கேட்டது. "என்கிட்ட எதுவும் இல்லடா, தெரியுமில்ல? சரி, வா. ஆனா இதுக்கு மேல சீவுறதுக்கு முடி எங்கடா மிச்சம் இருக்கு?"

அன்று எங்கள் வீட்டில் யார் கையிலும் பிஸ்கட் இல்லை. அவனும் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.