ஈரம் பார்ப்பவள்

ஒரு பிடி புல்லை அள்ளி இரண்டு கைகளாலும் முறுக்கினாள். துணி பிழிகிற மாதிரி இந்தப் பக்கம் ஒரு முறுக்கு, அந்தப் பக்கம் ஒரு முறுக்கு. தண்டு முறிந்தது. முறிந்ததைக் கண்தான் பார்த்தது, விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடைய கைகளோ அவளுக்காகப் புல்லை முறுக்கிக்கொண்டிருந்தன.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அறுத்துப்போட்ட புல் வயல் முழுக்க நீள நீளமான வரிசைகளாகக் கிடந்தது. வெயிலில் அதிலிருந்து எழுந்த வாசனை நின்றுகொண்டிருப்பவர்களையே கண் செருக வைத்தது. வயலின் கோடியில் டிராக்டர், அதன் பின்னால் புல்லைக் கட்டுகளாகக் கட்டும் இயந்திரம். டிராக்டர் நிழலில் கணவன் குந்தி உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மேற்கே ஒரு மேகம் எந்த அவசரமும் இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

ஈரத்தோடு கட்டினால் கட்டு உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறும். பூசணம் பிடித்தால் மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதோடு விட்டால் சரி, சில சமயம் தானாகவே தீப்பிடித்துக் கொட்டகையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். ரொம்பக் காயவிட்டாலோ இலையெல்லாம் பொடியாக உதிர்ந்து மாட்டுக்குக் குச்சிதான் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச நேரத்தைப் பிடிக்க மற்ற பண்ணைக்காரர்கள் ஈரம் அளக்கும் மீட்டர் வாங்கினார்கள். இவன் வாங்கவில்லை. "எங்க வீட்டு மீட்டருக்கு பேட்டரியே வேணாம், காப்பி குடுத்தா போதும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். கல்யாணமான புதிதில் அவள் புல்லை முறுக்கிப் பார்த்து விளையாட்டாகச் சொன்னது பலித்தது. திரும்பத் திரும்பப் பலித்து, அவள் தலையாட்டாமல் இயந்திரம் நகராது என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு கர்வம்தான்.

போன குளிர்காலம் முழுக்க அவளுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். நோய் போனது, முடி திரும்ப வளர்ந்தது. மணிக்கட்டுக்குக் கீழே உணர்ச்சி மட்டும் போனது போனதுதான். மருந்தின் வேலை, மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். அப்போது அவன் அறையில் இல்லை, வண்டியை எடுத்து வரப் போயிருந்தான். வழியெல்லாம் "எல்லாம் முடிஞ்சுதுடி, எல்லாம் முடிஞ்சுது" என்று அழுதுகொண்டே ஓட்டியவனிடம் இன்னும் ஒன்று பாக்கி என்று எப்படிச் சொல்வது? டம்ளர் விழுந்தால் கை வழுக்கிவிட்டது என்றாள். கண்ணாடி முன் நின்று, கண்ணால் பார்த்துப் பார்த்துப் பொத்தான் போட்டாள். பால் கறக்க இயந்திரம் இருக்கிறது, சமைக்கக் கண் போதும். இந்த ஈரம் பார்ப்பது ஒன்றுதான் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது. இதுவும் இல்லை என்றால் இந்தப் பண்ணையில் தான் எதற்கு என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்ன சொல்லுது மீட்டர்?"

முறிந்த தண்டைப் பார்த்தாள். பச்சை மங்கியிருந்தது. போன வருடமும் இப்படித்தானே இருந்தது? மேகத்தைப் பார்த்தாள்.

"கட்டலாங்க" என்றாள்.

இயந்திரம் வரிசையை வாரி விழுங்கிக்கொண்டே போனது, பின்பக்கமாகக் கட்டுகளைத் தள்ளிவிட்டது. புல்தூசி வெயிலில் இறங்கவே மனமில்லாமல் மிதந்தது. அவள் அதற்குள் நடந்தாள். சத்தம் தூரப் போகப் போக எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. தன்னுடைய சொல்தான் அங்கே புல்லைக் கட்டுகிறது என்றுகூட நினைத்துக்கொண்டாள். குறுக்கே விழுந்து கிடந்த ஒரு கட்டைப் புரட்டிவைக்கக் குனிந்தாள். கட்டு கனத்தது. கைக்குத் தெரியாத கனம் தோளுக்குத் தெரிந்தது. காய்ந்த புல் இவ்வளவு கனக்கக் கூடாது. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு டிராக்டரைப் பார்த்து ஓடினாள்.

அவன் குதித்து இறங்கினான். "என்னாச்சு? மயக்கமா?"

"எனக்குக் கையில ஒண்ணுமே தெரியலங்க. மருந்து ஏத்துனதுலேர்ந்து தெரியல. நான் சும்மா சொல்லிட்டேன்."

அவன் எட்டி இன்ஜினை அணைத்தான். வயல் திடீரென்று மிகவும் பெரிதாகிவிட்டது.

"அப்ப அன்னைக்கு அடுப்புல சுட்டுக்கிட்டது..."

"அதுவுந்தான்."

"ஏன்டி, எங்கிட்டகூடவா?"

"மீட்டர் கெட்டுப்போச்சுன்னா தூக்கிப் போட்டுருவீங்கள்ல" என்று சிரிக்கப் பார்த்தாள். பாதியில் அழுகை வந்துவிட்டது.

அவன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வரிசையின் ஓரமாகக் குந்தி ஒரு பிடி புல்லை அள்ளினான். இத்தனை வருடத்தில் அவன் அதைச் செய்ததே இல்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முறுக்குங்க. எப்படி இருக்கு?"

"புல்லு மாதிரி இருக்கு."

"ஐயோ. இன்னும் அழுத்தி. ஈரமா?"

"ஈரம்னு சொல்ல முடியாது. ஒரு மாதிரி குளுமை."

"எங்க, விரல்லயா, உள்ளங்கையிலயா?"

அவன் கண்ணை மூடி யோசித்தான். "உள்ளங்கையில. சரியா காயாத சட்டைய அவசரத்துல மாட்டுனா கழுத்துல படுமே, அப்படி."

அவளுக்கு அது அப்படியே தெரிந்தது. "அப்ப இன்னும் காயல" என்றாள்.

மேகம் தலைக்கு மேலே வந்து வெகுநேரம் நின்றது. பிசுபிசுவென்று ஒரு தூறல் போட்டுவிட்டுப் போய்விட்டது. மிச்சப் புல் நனைந்து கிடந்தது, இன்னும் இரண்டு வெயிலாவது வேண்டும். கட்டி முடித்த கட்டுகளைத் தூறலுக்கு முன்பே கொட்டகையிலிருந்து எட்டத்தில், தனித்தனியாக வைத்துத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். வயலிலேயே நல்ல புல் அதுதான். அது சூடேறிவிட்டால் குளிர்காலத்தில் பாதி மாடுகளை விற்க வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை தார்ப்பாயை விலக்கினார்கள். அவன் ஒரு கட்டின் கயிற்றை அறுத்து, நடுவில் கையை முழங்கை வரை நுழைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"சூடா?"

"தெரியலயே. நீயும் வா."

"என் கைய வச்சு என்ன பண்றது?"

"வாயேன்."

அவள் மணிக்கட்டைப் பிடித்து, தன் கை போன வழியிலேயே உள்ளே கொண்டுபோனான். விரல்கள் போனது தெரியவில்லை, உள்ளங்கை போனதும் தெரியவில்லை. முழங்கை உள்ளே போனபோது அதன் உள்மடிப்பில் ஒரு வெதுவெதுப்பு வந்து பட்டது. புல்லின் சூடா, ஒட்டிக்கொண்டிருந்த அவன் கையின் சூடா? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். அவனும் கையை எடுக்கவில்லை.