மாதம் இரண்டு திக் சீட்டு

கம்பெனியில் மொத்தம் இருபத்திரண்டு பேர். ஆளுக்கு மாதம் இரண்டு முறை கட்டாயம் திக்கென்று பயந்தாக வேண்டும்.

"எண்ணெயில் வழுக்கப் பார்த்தேன், சமாளித்துக்கொண்டேன்." "தலையில் இடிக்கப் பார்த்தது, குனிந்து தப்பித்தேன்." இப்படி மயிரிழையில் தப்பியதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, மாதக் கடைசிக்குள் பெட்டியில் போட வேண்டும். திக் சீட்டு என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பட்டறை மேலாளர் குவஹரா நகோயாவுக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போய்க் கற்றுவந்த ஏற்பாடு அது. ஆபத்தைக் கவனிக்கப் பழகினால் ஆள் வளர்வான், ஆள் வளர்ந்தால் சரக்கின் தரமும் வளரும் என்பது அவர் கட்சி. கெட்ட மனிதர் இல்லை, அதுதான் தொல்லையே. சீட்டு குறைந்தவரின் பெயரைக் காலைக் கூட்டத்தில் மரியாதையாக 'சான்' போட்டு வாசித்து, "கவனிக்க ஒண்ணுமே கிடைக்கலையா?" என்று அவ்வளவு மென்மையாகக் கேட்பார். அதற்கு நாலு திட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

மிட்சுயோவுக்குத் திக் சீட்டு எழுதுவது தண்ணீர் பட்ட பாடு. பதினெட்டு வருடமாகப் பரிசோதனை மேசையில் இருப்பவள். அவள் பார்த்து முத்திரை குத்தாமல் ஒரு பெட்டிகூட வாசல் தாண்டாது. இரண்டு எட்டு தள்ளி நான்காம் இயந்திரத்தில் அவள் தோழி தொக்கியே. சுருளாக வரும் இரும்புத் தகட்டை உருளைகளுக்கு நடுவில் விட்டு நிமிர்த்துகிற வேலை அவளுக்கு.

"எனக்கு எதப் பாத்தாலும் திக்குன்னே ஆக மாட்டேங்குதேடி. என் பேர்லயும் ரெண்டு எழுதிப் போட்டுருடி" என்பாள் தொக்கியே. கூலி, ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டை ஒன்று. மிட்சுயோ எழுதிப் போடுவாள். எல்லாம் கற்பனைதான். யார்தான் நிஜத்தை எழுதினார்கள்?

உருளையை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இடுப்பு உயரத்தில் இருந்தது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் தொக்கியே கையால் தொடமாட்டாள், இடுப்பால் ஒரு இடி. "கல்யாணத்துக்கு உதவாத இடுப்பு, இதுக்காவது உதவுதே!" என்று அவளே சிரித்துக்கொள்வாள்.

அக்டோபர் முப்பத்தொன்று. சாப்பாட்டு அறையில் மதிய இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. சாப்பாட்டு டப்பாவின் மூடிமேல் சீட்டை வைத்து, தொக்கியே பெயரில் மிட்சுயோ எழுதினாள்: "திரும்பும்போது சட்டைக் கை சிவப்புப் பொத்தானில் பட்டு, உருளை திடீரென்று நின்றது. தகட்டில் கோடு விழப் பார்த்தது." எழுதியதை மறந்தும் போனாள்.

அந்தக் கோட்டில்தான் வந்தது வினை. கோடையிலிருந்தே சரக்கில் மெல்லிய கோடு விழுகிறது என்று வாடிக்கையாளர் புகார் மேல் புகார். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. சீட்டைப் படித்த குவஹராவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"நாலு மாசமாத் தேடுனோம், தொக்கியே சான்! நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க!"

ஒரே வாரத்தில், தெரியாமல் கை படாதபடி பொத்தானுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி வந்தது. கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தி, மூடியைத் தூக்கி, அப்புறம்தான் பொத்தானை அமுக்க முடியும். வாடிக்கையாளரின் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தொக்கியேவுக்குச் சான்றிதழும் பத்து கிலோ புது அரிசியும் கிடைத்தன. எல்லோரும் கை தட்டினார்கள். மிட்சுயோவும் தட்டினாள், அந்த மூடியைப் பார்த்தபடி.

"பாதி அரிசி உனக்குத்தான். மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்க?" என்றாள் தொக்கியே.

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லையேடி. மூடிய எடுக்கச் சொல்லலாம். பொய்னு சொல்லிரலாம்."

"சொல்லிட்டு? அந்த மனுஷன் வாடிக்கைக்காரங்க முன்னாடி மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவாரு? என்னய விடு, உன்னய யோசி. பொய் எழுதுற கை, சரக்கு சரின்னு முத்திரை குத்துதுன்னு தெரிஞ்சா ஒரு நாள் வச்சிருப்பாங்களா உன்னய?"

மிட்சுயோ அங்கியின் பையிலிருந்த முத்திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டிசம்பரில் கோடு திரும்பி வந்தது. பூதக்கண்ணாடியில் அவள்தான் முதலில் பார்த்தாள். அப்படியென்றால் மூடியால் ஒரு பலனும் இல்லை. உபத்திரவம் மட்டும் இருந்தது. தகட்டோரம் கையைக் கிழிக்கும் என்று தொக்கியே எப்போதும் கையுறை போட்டிருப்பாள். கையுறைக் கட்டைவிரல் கொக்கியில் நிற்காமல் வழுக்கியது. ஒரு நாள் மிட்சுயோ எண்ணிப் பார்த்தாள். நான்காம் தடவைதான் மூடி திறந்தது. அன்று அவளுக்கு நிஜமாகவே திக்கென்றது.

பல வருடத்துக்குப் பிறகு உண்மையாக ஒரு சீட்டு எழுதினாள், தன் பெயரிலேயே. பெட்டியில் போடாமல் நேரே குவஹராவிடம் கொண்டுபோனாள். அவர் படித்துவிட்டுச் சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தார்.

"மிட்சுயோ சான், இந்த மாசத்துக்கு உங்க ரெண்டும் வந்தாச்சே. இத ஜனவரிக்கு வச்சுக்கலாமா? இப்பவே குடுத்துட்டா அடுத்த மாசம் எதுக்கு அலைவீங்க?"

"கொஞ்சம் அவசரம், குவஹரா சான். அந்த மூடி…"

"அது உங்க தோழியோட யோசனை. வருஷக் கடைசியில அவங்க மனச நோகடிக்கணுமா?"

கருணையோடுதான் சொன்னார். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். அது நடக்கவே இல்லை, நான்தான் எழுதினேன் என்று ஒரே ஒரு வாக்கியம். பதினெட்டு வருட முத்திரை பையில் கனத்தது.

"சரி, ஜனவரிக்கு வச்சுக்கறேன். நன்றி" என்று தலைகுனிந்து, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஜனவரி ஒன்பது, காலை பத்தேகால். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தொக்கியே வழக்கம்போல ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு பாதியில் நின்றது.

"ஏய்" என்றாள். அலறவில்லை. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தால் சொல்வோமே, அப்படி.

வலது கையுறையின் நுனி உருளைக்குள் போயிருந்தது. அவள் இடுப்பால் இடித்தாள். பிளாஸ்டிக்கில் பட்டு டொக்கென்றது. மறுபடி இடித்தாள், டொக். இடது கட்டைவிரல் கொக்கியைத் தேடி வழுக்கியது. மெதுவாகச் சுற்றுகிற உருளை அது, அவசரமே இல்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மிட்சுயோ இரண்டே எட்டில் பாய்ந்தாள். பாய்ந்தவளின் உள்ளங்கையும் பழக்கத்தில் மூடிமேல்தான் அறைந்தது. அப்புறம் கொக்கி, அப்புறம் மூடி, அப்புறம் பொத்தான்.

உருளை நின்றபோது தொக்கியேவின் கை மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு குவஹரா வெள்ளைப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"நீங்கதான் நல்லா எழுதுவீங்க. நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க."

மிட்சுயோ நின்றுகொண்டே எழுதினாள். பையிலிருந்து கசங்கிப்போன மஞ்சள் சீட்டை எடுத்துப் படிவத்தோடு பின் அடித்தாள். கீழே தன் பரிசோதனை முத்திரையைக் குத்தி நீட்டினாள்.

குவஹரா முதல் இரண்டு வரியிலேயே நின்றுவிட்டார். விபத்து நடந்த நாள்: அக்டோபர் முப்பத்தொன்று. நடந்த இடம்: சாப்பாட்டு அறை.

"மிட்சுயோ சான், பதட்டத்துல தேதிய மாத்திப் போட்டுட்டீங்க."

"இல்ல. சரியாத்தான் போட்டிருக்கேன். மேல படிங்க."