மரகதத்தின் பெயரில் ஒரு மூச்சு

சிங்கராயரின் மூச்சு டிரேட்மார்க் ஆகிவிட்டது. விடுவது அவர், உரிமை அருங்காட்சியகத்துக்கு. தப்பு அவர் மேல்தான்.

நெடுங்குளம் ரயில் அருங்காட்சியகத்தில் அவர் இருபத்தொன்பது வருஷமாகக் காப்பாளர். கொட்டகையில் நிற்பது ஒரே ஒரு நீராவி இன்ஜின். எண் முப்பத்தேழு. பச்சை வண்ணம் அடித்திருப்பதால் மரகதம் என்று பெயர். கடைசியாக ஓடி முப்பத்தொரு வருஷம் ஆகிறது.

அந்த மரகதத்தை டிரேட்மார்க் செய்தே ஆகவேண்டும் என்று மார்ச் மாதம் முடிவானது. முடிவெடுத்தவர் இயக்குநர் நப்பின்னை மேடம். காரணம் இல்லாமல் இல்லை. பிஸ்கட் டப்பாவில் மரகதம், பனியனில் மரகதம், யார் யாரோ அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். இதாவது பரவாயில்லை. பக்கத்து மாவட்டத்தில் ஒரு கலங்கரை விளக்கத்தை யாரும் பதியாமல் விட்டுவிட, முட்டை வியாபாரி ஒருவர் முந்திக்கொண்டு தன் பெயரில் பதிந்துவிட்டார். அன்றிலிருந்து கப்பல்கள் முட்டைக்கடையைப் பார்த்துத்தான் திரும்புகின்றன. இரண்டு கப்பல்கள் இன்னும் சந்தைக்குள் நிற்கின்றன.

"நாம பதியலேன்னா வேற எவனாவது பதிவான், சிங்கராயர்" என்றார் மேடம். சிங்கராயருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

விண்ணப்பத்தில் நான்கு கட்டங்கள். பெயர், உருவம், நிறம், ஒலி. மூன்றை மதியச் சாப்பாட்டுக்குள் நிரப்பிவிட்டார். நான்காவதுதான் இடித்தது. இன்ஜினின் ஒலியை முப்பது வினாடி பதிவு செய்து அனுப்ப வேண்டுமாம். மரகதத்திடம் ஒலிக்கு எங்கே போவது? கொதிகலனுக்குச் சான்று கிடையாது. தண்ணீர் ஊற்றக்கூட அனுமதியில்லை.

வேறு அலுவலகமாக இருந்தால் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அருங்காட்சியகத்தில் அது நடக்காது. இங்கே ஒரு பொருளின் கட்டத்தில் கோடு போட்டால் பொருள் காணாமல் போய்விட்டது என்று அர்த்தம். உடனே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே சிங்கராயர் கோடு போடவில்லை. கொட்டகைக்குப் போனார். இன்ஜினின் நான்கு படிகளை ஏறி, டிரைவர் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, கைபேசியில் பதிவுப் பொத்தானை அமுக்கினார். முப்பது வினாடி நின்றார்.

அவருக்கு இளைப்பு உண்டு. நான்கு படி ஏறினால் போதும், நெஞ்சுக்குள் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி ஆகிவிடும். பதிவானது அதுதான். போட்டுக் கேட்டார். நன்றாகவே இருந்தது. பாரம் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிற வண்டி. நடுவில் சின்னதாக ஒரு விசில்கூட வந்தது. அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் போய் மனைவி செசிலியிடம் போட்டுக் காட்டினார். செசிலி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"இது நீங்கதானே?" என்றார்.

அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தது.

ஜூலையில் சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு மாட்டினார்கள். கூடவே ஒரு கடிதம்: இந்த ஒலியை அருங்காட்சியகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எவரும் எழுப்பக்கூடாது. பள்ளிக்கூட மைதானத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் விட்ட பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். மறுநாளிலிருந்து பஸ் விட்டார்கள். கண்டக்டர் யார் என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு.

நோட்டீஸ் கொடுக்கும் வேலை சிங்கராயருடையது. கேட்டுக்கு வெளியே தகரத்தில் பொம்மை இன்ஜின் செய்து விற்கும் உதுமான் பாய்க்கு ஒன்று கொடுத்தார். உதுமான் வாங்கிப் படித்தார். புகைபோக்கியை வெட்டி எடுத்தார், மூக்கு வைத்தார், கைப்பிடி வைத்தார். இன்ஜின்கள் எல்லாம் கெண்டி ஆகிவிட்டன. அதில் ஒன்றிலேயே டீ ஊற்றி சிங்கராயருக்கும் கொடுத்தார்.

"ஏன் சார், எங்க வாப்பா போட்ட வெங்காய மூட்டைய எல்லாம் இதுதான இழுத்துச்சு. ஓடறப்ப யாரும் ஓனர்னு வரல. இப்ப சும்மா நிக்குது, இப்ப எதுக்கு ஓனரு?"

"எழுதிக் குடுங்க பாய். மேல அனுப்பறேன்."

"நான் எதுக்கு எழுதணும்? பேரு என்னுதா, ஒடம்பு என்னுதா?"

அந்தக் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் பக்கம் இல்லை. சிங்கராயர் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். வரும் வழியில் இளைத்தது. அனுமதி இல்லாமல் இளைத்தது. உள்ளே வந்து உட்கார்ந்து, தனக்கே ஒரு நோட்டீஸ் எழுதினார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். விளக்கம் எழுதினார். விளக்கம் திருப்தியாக இல்லை என்று குறிப்பெழுதி மேடத்துக்கு அனுப்பினார்.

மேடம் கெட்டவர் இல்லை. உரிமம் கொடுத்தார். வேலை நாட்களில் காலை பத்து மணி முதல் மாலை ஐந்தரை வரை சிங்கராயர் மூச்சு விடலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

மற்ற நேரங்களில் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார். உறிஞ்சி உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே. மாடிப்படி ஏறுவதில்லை. பேசுவதில்லை. செசிலி கட்டிலைக் கீழ்வீட்டுக்கு இறக்கினார். அவரைச் சிரிக்க வைக்கிற எதையும் சொல்வதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமைகள்தான் மோசம். உதடு நீலம் பாய்ந்துவிடும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேட்டைத் திறந்ததும் அவர் விடுகிற முதல் மூச்சைக் கேட்பதற்காகவே பத்து இருபது பேர் வந்து நின்றார்கள். மரகதம் நல்ல நிலையில் இருப்பதாக வருகைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள்.

டாக்டரிடமும் போனார். குழலை நெஞ்சில் வைப்பதற்கு முன் டாக்டர் உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தார். உங்களிடம் வேறு மூச்சு எதுவும் இல்லை, இருப்பது இது ஒன்றுதான் என்றார்.

சிங்கராயர் பயந்தது அதற்குத்தான். நவம்பர் முப்பதாம் தேதி அவர் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெறுகிறவர் அலுவலகத்தின் உடைமைகள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே போகவேண்டும்.

இதற்கு நடுவே ஒரு தொந்தரவு வேறு. ஜூலைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. பழுப்பு உறை, எண்ணெய்க் கறை, சாய்ந்த எழுத்து. மூலையில் 'உள்வளாகம்' என்று மட்டும் எழுதியிருக்கும். அனுப்பியவர் பெயர் இருக்காது. வளாகத்துக்குள் இருப்பவர்கள் அப்படி நேராக எழுதக்கூடாது. அவரவர் பிரிவு அதிகாரி வழியாகத்தான் வரவேண்டும். சிங்கராயர் உறையைப் பிரிக்காமலே 'உரிய வழியாக அனுப்பவும்' என்று முத்திரை குத்தித் தட்டில் போட்டுவிடுவார். எடுத்துப்போக யாரும் வரவில்லை. அடுத்த செவ்வாய் இன்னொன்று. பதினேழு சேர்ந்துவிட்டன.

நவம்பர் கடைசியில் புதுக் காப்பாளர் வந்தார். பெயர் தணிகாசலம். மீன்வள அருங்காட்சியகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கறாரான ஆள். ஒப்படைப்புப் பட்டியலை வாங்கி விரல் வைத்துப் படித்தார். கேட் சாவி மூன்று, டார்ச் விளக்கு ஒன்று, நாற்காலி ஏழு, அதில் கால் உடைந்தது இரண்டு. பத்தாவது இனம், நிலுவைக் கடிதங்கள், இல்லை. பதினோராவது இனம், மூச்சு, மரகதத்துடையது, ஒன்று, நல்ல நிலையில்.

"இத எப்படி வச்சுக்கணும்?" என்று கேட்டார்.

"பனியில வெளிய எடுக்காதீங்க" என்றார் சிங்கராயர். "தூசி ஆகாது."

தணிகாசலம் குறித்துக்கொண்டார்.

முப்பதாம் தேதி ஐந்தரைக்குப் பிறகு தனக்கு என்ன வழி என்று சிங்கராயர் மேடத்திடம் கேட்டார். மேடம் இரண்டு நாள் விதிகளைப் புரட்டினார். ஓய்வு பெற்றவருக்கு மருத்துவச் சலுகை உண்டு, ரயில் பாஸ் உண்டு, மூச்சு பற்றி எதுவும் சொல்லவில்லை. உங்களுக்கு இதைக் கொடுத்தால் நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஆளுக்கொரு சக்கரத்தை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போவார்கள் என்றார். சொல்லும்போது அவர் முகமும் நன்றாக இல்லை.

முப்பதாம் தேதி மாலை கொட்டகையிலேயே விழா. மாலை, சால்வை, ஜாங்கிரி, மிக்சர். செசிலி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைப்பையில் இன்ஹேலர் இருந்தது. அதனால் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். பேசியவர்கள் எல்லாரும் சிங்கராயர் நீடூழி வாழ வேண்டும் என்றார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு ஒப்படைப்பு ஆரம்பித்தது. சாவி, டார்ச், நாற்காலி. தணிகாசலம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். பத்தாவது இனத்தில் பேனா நின்றது. தட்டைக் காட்டினார்.

"இல்லைன்னு எழுதியிருக்கு. பதினேழு இருக்கே."

உரிய வழியில் வராதவை, திருப்பியாகிவிட்டது என்று சிங்கராயர் சொல்லிப் பார்த்தார். திருப்பியது இங்கேயே இருந்தால் அது நிலுவைதான் என்றார் தணிகாசலம். அவர் சொன்னதும் சரிதான். நிலுவையைத் தீர்க்க ஒரே வழி பிரித்துப் படிப்பது. மணி ஐந்து இருபது. சிங்கராயர் மேலே இருந்ததைப் பிரித்தார். ஒரு தாளும் சின்னப் பொட்டலம் ஒன்றும் இருந்தன. மூச்சை மிச்சம் பிடிப்பதற்காகத் தாளைத் தணிகாசலத்திடம் கொடுத்தார். அவர் உரக்கப் படித்தார்.

"ஐயா, நான்காம் கட்டத்தில் உள்ள ஒலி என்னுடையது அல்ல. அதைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடவும். என் ஒலியைப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். மற்ற மூன்று கட்டங்களையும் என்னைக் கேட்காமல் நிரப்பியிருக்கிறீர்கள். அது பற்றித் தனியே பேச வேண்டும்."

மற்ற பதினாறிலும் அதேதான். கடைசிச் சிலவற்றில் மட்டும் எழுத்து கொஞ்சம் அழுத்தமாக இருந்தது.

மேடம் விதியைப் பார்த்தார். சரியான ஒலி வந்து சேர்ந்தால் தவறான ஒலியைக் கொடுத்தவரிடம் உடனே திருப்பிவிட வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் கடிதம் உரிய வழியாக வந்திருக்க வேண்டும். கொட்டகைப் பிரிவுக்கு உரிய வழி யார் என்று தேடினார்கள். இரண்டு அட்டவணைகள் புரட்டினார்கள். கொட்டகை, காப்பாளர் என்று போட்டிருந்தது. அதாவது சிங்கராயர். பதவியில் அவருக்கு இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது.

'பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது' என்று எழுதினார். மேடம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

பொட்டலத்தைப் பிரித்தது தணிகாசலம். ஒரு சிட்டிகை கரித்தூள். ஒலி அதிலிருந்து வந்தது. சிங்கராயரின் இளைப்பு மாதிரி இல்லவே இல்லை. இது அடிவயிற்றிலிருந்து வருவது, அவசரமில்லாதது. சாலையில் போனவர்கள் கண்ணில் கரி விழாமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டார்கள். உதுமான் கெண்டிகளைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்து முப்பது வினாடியும் எண்ணி, பொட்டலத்தை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார். பதினோராவது இனத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தரை மணி அடித்தது.

சிங்கராயர் வாயை மூடிக்கொண்டு நின்றார். நான்கு மாதப் பழக்கம். முகம் கறுத்துக்கொண்டு வந்தது. செசிலி எழுந்து பக்கத்தில் வந்தார்.

"விடுங்க" என்றார்.

விட்டார். பீரோ நகர்ந்தது. சின்னதாக ஒரு விசிலும் வந்தது. யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது சொல்வதற்கு நான்கு மாதத்து வேடிக்கை பாக்கி இருப்பதாகச் செசிலி சொன்னார்.

தணிகாசலத்துக்கு வேலை முடியவில்லை. கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அனுப்பியவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கோடு போட முடியாது. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில், எண்ணெய்க் கறைக்கு நடுவே கையெழுத்து இருந்தது. மேடம் அதை வாங்கிப் பார்த்தார். மற்ற மூன்று கட்டங்களைப் பற்றிப் பேச திங்கட்கிழமை பத்து மணிக்குத் தன் அறைக்கு நேரில் வரும்படி பதில் எழுதச் சொன்னார். கதவை எவ்வளவு அகலப்படுத்த வேண்டும் என்று தணிகாசலம் அளந்து குறித்துக்கொண்டார். பிறகு உறையை எடுத்து, அதன் மேல் தெளிவாக எழுதினார்: மரகதம்.